பீப் வற்றிய ஊர்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, வெள்ளக்கரடு மில் காலனியில், ஆவணி மாசத்து ஒரு புதன்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, ஊரில் இருந்த பீப் அத்தனையும் வற்றிப்போயின. கிணறு வற்றுமே, அதே மாதிரிதான். அதற்கு முந்தின ஒரு வாரமாகவே கலங்கலாக வந்தது; தொண்டை கட்டின ஆள் பேசுவதுபோல வாஷிங் மெஷின்கள் கரகரத்தன, ஃபிரிட்ஜுகள் கத்த ஆரம்பித்துப் பாதியிலேயே விட்டுவிட்டன, அப்புறம் சொட்டுச் சொட்டாக ஏதோ கேட்டது, அப்புறம் அதுவும் நின்றுபோனது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. நூற்றுப்பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து வருஷக்கணக்காக இறைத்தால் எதுதான் வற்றாது?

எத்தனை பீப்! கரண்ட் அடுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டால் ஒன்று, சூட்டைக் கூட்டினால் ஒன்று, குறைத்தால் ஒன்று, பாத்திரத்தை எடுத்தால் பெற்ற பிள்ளையைப் பிடுங்கின மாதிரி அஞ்சு, அணைத்தால் ஒன்று, அணைத்துவிட்டாய் தெரியுமா என்று நீளமாக இன்னொன்று. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துத் தயிர் எங்கே என்று தேடினால் அதற்கு ஒரு அதட்டல். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் ஒரு கூப்பாடு, இன்வெர்ட்டருக்குப் பசித்தால் ஒன்று, பசி ஆறினால் ஒன்று, தெருவில் ரிவர்ஸில் வருகிற ஒவ்வொரு காருக்கும் ஊளை. சுண்டல் வேகவைக்கிற பாத்திரத்துக்குக்கூட ஒரு பீப் வைத்தான் ஒரு புண்ணியவான். இத்தனைக்கும் இந்தச் சத்தத்தை நிறுத்த வழியில்லாமல் இல்லை. பாதிச் சாமான்களில் இருந்தது. இரண்டு பொத்தான்களைச் சேர்த்து மூணு செகண்டு அமுத்த வேண்டும் என்று புத்தகத்தில் முப்பத்துநாலாம் பக்கத்தில் போட்டிருந்தது. அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் பரண்மேல் கிடந்தது.

முதல் நாள் காலனிக்கே கொண்டாட்டம். "அப்பாடா, காது குளுந்துதுங்க" என்று பேசிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் ஒன்பது வீட்டுத் தொட்டிகள் வழிந்து தெருவில் தண்ணீர் ஓடியது. மூன்றாம் நாள் சோறு பொங்கி வழிந்தது, ஃபிரிட்ஜ் திறந்தே கிடந்து பால் திரிந்தது, சத்தம் இல்லாமல் ரிவர்ஸில் வந்த கார் ஒன்று பால்வாடிச் சுவரை இடித்தது. வேலை முடிந்ததென்று யாராவது சொன்னால்தான் முடிந்ததாக நம்பிப் பழகிய சனம், துணி துவைத்தாயிற்றா இல்லையா என்று மெஷின் முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தது. நாலாம் நாளிலிருந்து ஜாதகம், பரிகாரம், வாஸ்து என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அப்புறம் அதுவும் பழகிவிட்டது. பழகாதது எது இந்த ஊருக்கு?

துளசிமணி மட்டும் புதன்கிழமையே வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் ஆறுச்சாமி முப்பத்தொரு வருஷம் மில்லில் பஞ்சு உடைக்கிற பகுதியில் இருந்தவர். உடைத்த பஞ்சில் ஒரு பங்கு அவர் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. இரண்டு வருஷமாகக் கட்டில், மூக்கில் குழாய், கட்டிலடியில் ஆக்ஸிஜன் மெஷின். மெஷின் நின்றால் கால்மணி நேரம் தாங்குவார், அதற்குமேல் ஆகாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அது நின்றாலோ காற்று குறைந்தாலோ பீப் பீப் என்று அலறும். கட்டிலை ஒட்டின சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் ஜெயக்கொடி அக்கா வீடு. அலறல் கேட்டால் அக்கா சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து மூலையில் இருக்கிற சிலிண்டரைத் திறந்துவிட வேண்டும். இரண்டு வருஷத்தில் நாலு தடவை அப்படி ஓடிவந்திருக்கிறாள், மகராசி. அந்த பீப் இருக்கிற தைரியத்தில்தான் துளசிமணி வாசற்படி தாண்டி வேலைக்குப் போனாள். போகாவிட்டால் அடுப்பெரியாது.

போன வேலை என்ன தெரியுமா? காலனிக் கோடியில் சம்பத் என்பவர் நடத்துகிற சின்னக் கம்பெனியில், அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் போகிற போர்டுகளில் பஸ்ஸர் பத்தவைக்கிற வேலை. கருப்பாக, கொத்துமல்லி மிட்டாய் அளவில் இருக்கும், அதுதான் கத்துகிற சாமான். ஈயத்தை உருக்கி இரண்டு காலையும் ஒட்டவேண்டும், டெஸ்டிங் மேஜையில் வைத்து ஒரு தடவை அமுத்தவேண்டும், பீப் என்றால் டிக் போடவேண்டும். ஒரு நாளைக்கு நானூறு. ஒன்பது வருஷம். வெளியூருக்குப் போனதெல்லாம் போக, காலனிக்குள் கத்தினதில் பாதி அவள் கை வழியாகப் போனதுதான்.

ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள்.

"ஏனுங் சார், இந்தச் சத்தத்த நிறுத்தறதுக்கு வெளியில ஒரு சின்ன சுவிட்சு வெச்சா என்னங்? கைக்குழந்த தூங்கற வீடெல்லாம் இருக்குதுங்க."

சம்பத் சிரித்தார். "கடையில போயி தொட்டதும் கத்துனாத்தானுங்க அக்கா, நல்ல சாமான்னு சனம் வாங்கும். நிறுத்தற சுவிட்ச எவனுங்க கேட்டான்?"

அதுவும் வாஸ்தவம்தான். எவனும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் கடைசித் தெருவில் ஒரு வீட்டு மைக்ரோவேவ் ஒரே ஒரு பீப் போட்டது. காலனியே திரண்டுபோய் அந்த அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. மூணு நாள் கழித்து மேலத்தெருவில் ஒரு ஏசியில் ஒன்று. அப்போதுதான் மாரண்ணனுக்குப் பொறி தட்டியது. மாரண்ணன் பதினெட்டு வருஷமாகக் காலனிக் குழாய்க்கு வால்வு திறந்துவிடுகிறவர். எந்தத் தெருவுக்கு என்றைக்குத் தண்ணீர் என்று முறை வைத்து, ஆள் பார்க்காமல் திறந்து மூடுகிற மனுஷன். அவர் தண்ணீர்த் தொட்டி அடியில் கூட்டம் போட்டுச் சொன்னார்.

"இது ஊறுதுங்க. மெதுவா ஊறுது. ஊறுனத எந்த மெஷின் முதல்ல கேக்குதோ அது குடிச்சுப்போடுது. பள்ளத்துல இருக்கறவன் பைப்பைத் திறந்து வெச்சா மேட்டுல இருக்கறவனுக்கு எப்படிங்க ஏறும்? அத்தன பேரும் மூடுங்க. ஊறறதெல்லாம் சேந்து ஆறுச்சாமி அண்ணன் மெஷினுக்குப் போவட்டும். அவருக்குத்தான் உசுருக்கு வேணும். நமக்கெல்லாம் சுண்டலுக்குத்தான வேணும்?"

முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் தண்ணீர் முறைக்குக் கட்டுப்பட்டுப் பழகின ஊர். மாரண்ணன் மூடு என்றால் மூடும். அன்றைக்குச் சாயங்காலமே பரண்களிலிருந்து புத்தகங்கள் இறங்கின, கவர்கள் கிழிந்தன, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ரிட்டயர்டு ஆட்களெல்லாம் முப்பத்துநாலாம் பக்கத்தைச் சத்தம்போட்டு வாசித்தார்கள், வீட்டுக்கு வீடு புருஷன் ஒரு பொத்தானையும் பெண்டாட்டி ஒரு பொத்தானையும் பிடித்துக்கொண்டு ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினார்கள். சில மெஷின்களின் முதுகில், குறுக்கே கோடு போட்ட மணி படத்தோடு, ஒரு சுவிட்சே இருந்தது. வாங்கின நாள்முதல் ஒரு விரல்கூடப் படாமல் தூசி மண்டிக் கிடந்தது. "இத்தன நாளா இங்கியா இருந்த நீ?" என்று அதைத் தடவிக் கேட்டாள் ஒருத்தி.

நிறுத்த வழியே வைக்காத சாமான்கள்தான் மிச்சம். அவற்றுக்குத் துளசிமணி ஸ்க்ரூடிரைவரும் கட்டரும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். கழற்றினாள், பஸ்ஸரின் காலை நறுக்கினாள், மூடினாள். ஈயம் வைத்திருந்த நேர்த்தியைப் பார்த்ததும் தன் கைவேலை என்று தெரிந்தது. ஒவ்வொன்றையும் நறுக்கும்போது சங்கடமாகத்தான் இருந்தது, சொல்லாமல் என்ன.

காலனி மௌனமானது. இனி பீப் ஊறி ஊறிச் சேர வேண்டியதுதான் பாக்கி. ஆனால் நம் சனத்தின் பாசம் இருக்கிறதே, அது சும்மா இருக்க விடுமா?

ஆறுச்சாமியின் மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டால் ஆரம்பத்தில் ஒரு பீப் போடும். எல்லாரும் மூடின மூன்றாம் நாள் ஜெயக்கொடி அக்காவும் இன்னும் நாலு பேரும் பலகாரத் தட்டோடு வந்தார்கள். "அண்ணனுக்குச் சேந்துருக்குதான்னு ஒரே ஒருக்கா போட்டுப் பாத்தர்லாமுங்க, மனசுக்கு ஒரு நிம்மதி." போட்டார்கள். பீப் என்றது. கைதட்டினார்கள், ஜெயக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆளுக்கொரு முறுக்கு தின்றார்கள். சேர்ந்திருந்தது அந்த ஒன்றுதான் என்று யாருக்கும் உறைக்கவில்லை. அடுத்த மூணு நாளில் மேலத்தெருக்காரர்கள் வந்து, எங்களுக்கும் காட்டக்கூடாதா என்று ஒன்றைச் செலவழித்தார்கள். அதற்கடுத்ததை, மந்திரித்த கயிறு கொண்டுவந்த ஒருவர் வாங்கிப் போனார்.

துளசிமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தொட்டுப் பாத்துத் தொட்டுப் பாத்தே மனுசனக் கொன்னுபோடுவீங்களாட்ட இருக்குது! இனி ஒருத்தரும் அந்த மெஷின் கிட்ட வரப்படாது, ஆமா. இருக்குதோ இல்லியோ, நம்பித்தான் கெடக்கோணும்."

யாரும் வரவில்லை. ஜெயக்கொடிதான் அழுதுவிட்டாள். இனி தன்னால் ஒரு தப்பும் நடக்காது என்று சுவர் ஓரம் நாற்காலி போட்டு, டிவியை அணைத்து, செல்போனை அணைத்து, காலையிலிருந்து சாயங்காலம்வரை சுவரில் காதை வைத்து உட்கார்ந்தாள். சோறு தின்கிறபோதும் இடது கையால் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் தின்றாள். அவளை நம்பி, இத்தனை நாள் நிறுத்தியிருந்த வேலைக்குத் துளசிமணி மறுபடி போனாள்.

கம்பெனியில் போர்டுகள் எதுவும் கத்தவில்லை. சம்பத் பயந்துபோய் இத்தனை நாள் டெஸ்டிங்கை நிறுத்திவைத்து அலைந்துவிட்டு, கடைசியில் தைரியமாகிவிட்டார். "ஊருக்கே சத்தம் இல்லீங்க அக்கா, நம்ம போர்டு என்ன பண்ணும்? வெளியூரு போயிக் கத்தும். நீங்க எப்பவும்போல அமுத்திப்போட்டு டிக் போடுங்க." துளசிமணி எப்பவும்போல அமுத்தினாள். ஒன்பது வருஷத்துப் பழக்கம். விரல் தானாகப் போகும், தானாக வரும். எடுத்துவை, அமுத்து, டிக். எடுத்துவை, அமுத்து, டிக். வீட்டை நினைத்துக்கொண்டே அமுத்தினாள், அவருக்குப் பதினொரு நாள் சேர்ந்திருக்கும், இனி ஒரு ஆபத்தென்றால் நன்றாகவே அலறும் என்று நினைத்துக்கொண்டே அமுத்தினாள்.

அவர் மெஷினை யாரும் தொடாமல் விட்ட பன்னிரண்டாம் நாள், காலை பதினொன்றே கால். நூற்றிருபதாவது போர்டை வைத்து அமுத்தினாள்.

பீப்.

அடேயப்பா, என்ன சத்தம்! அது வழக்கமான பீப் இல்லை. கெட்டியாக, முழுசாக, பதினொரு நாள் அந்த மேஜையடியிலேயே தேங்கி நின்ற சத்தம். விரலை எடுத்த பிறகும் நிற்காமல் கூவியது. மேஜையைச் சுற்றி இருந்த பெண்கள் எழுந்து கைதட்டினார்கள். ஒருத்தி குலவையிட்டாள். சம்பத் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். "வந்துருச்சு! வந்துருச்சுங்க! அடுத்தத வைங்க அக்கா, அடுத்தத அமுத்துங்க!"

துளசிமணி தன் விரலைப் பார்த்தாள். நூற்றுப்பன்னிரண்டு வீட்டிலும் வாயை அடைத்துவிட்டு, ஒரு நாளைக்கு நானூறு தடவை குழாயைத் திறந்து பார்த்தது யார்? மாரண்ணனுக்குத் தோன்றவில்லை, சம்பத்துக்குத் தோன்றவில்லை, கட்டர் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போன அவளுக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு அமுத்தலும் ஊறினதைச் சொட்டுச் சொட்டாக இந்த மேஜைப் பக்கமே இழுத்திருக்கிறது. அவருக்கென்று சேர்ந்தது அவள் கையிலேயே வழிந்து தீர்ந்துகொண்டிருந்தது.

"எங்கீங் போறீங்க? அக்கா! அடுத்தது!"

அவள் நிற்கவில்லை. வாசலில், உள்ளே வருகிறவர்கள் செல்போனைப் போட்டுவிட்டு வருகிற கூடையில் கைவிட்டுத் தன்னுடையதை எடுத்தாள். ஆறுச்சாமியிடமிருந்து இரண்டு அழைப்பு. பதினொன்று ஏழுக்கு ஒன்று, பதினொன்று எட்டுக்கு ஒன்று. திருப்பிக் கூப்பிட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஜெயக்கொடியைக் கூப்பிட்டாள். அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்றது. சுவரைக் கேட்பதற்காக அணைத்து வைத்திருக்கிறாள் பாவி மகள்.

ஓடினாள். நாற்பத்தேழு வயசு, மூட்டுவலி, செருப்பு ஒன்று பால்வாடி முக்கிலேயே கழன்றுபோயிற்று. ஏழும் எட்டும் போய் இருபதாகிவிட்டது, கால்மணி நேரம் கால்மணி நேரம் என்று வாய் சொல்லிக்கொண்டே வந்தது, நான் பண்ணினேன் நான் பண்ணினேன் என்று நெஞ்சு சொல்லிக்கொண்டே வந்தது. எதிரே வந்த மாரண்ணன் என்னம்மா என்று கேட்டார். அவரும் பின்னால் ஓடிவந்தார்.

தன் வீட்டுச் சாவி கம்பெனிப் பையிலேயே கிடந்தது. ஜெயக்கொடி வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் சுவரில் காதை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பூசையில் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் உதட்டில் விரலை வைத்து ஜாடை காட்டினாள்.

"உஷ்ஷ். ஒண்ணும் பயப்படாத துளசி. சத்தமே இல்ல. நல்லாத்தான் இருக்கறாரு."

"சாவி! சாவியக் குடுங்கக்கா!"

கதவைத் திறந்தபோது வீடு அமைதியாக இருந்தது. கட்டிலடியில் மெஷின் தூசி அடைத்துச் சூடேறி நின்றுபோயிருந்தது. அதன் நெற்றியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது, சத்தமில்லாமல், சத்தமில்லாமல். ஆறுச்சாமி சுவரோரமாகச் சரிந்து கிடந்தார். உதடு நாவப்பழ நிறத்துக்குப் போயிருந்தது. கையில் எவர்சில்வர் டம்ளர். சுவரில் டம்ளர் விளிம்பு பட்ட இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து, பிறை பிறையாக, முப்பது நாற்பது வடு.

மாரண்ணன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். வால்வு என்றால் அவர் கைக்குத் தெரியும். ஒரே திருகில் திறந்தார். துளசிமணி குழாயை மாற்றிச் செருகி, அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "ஏனுங், ஏனுங், இங்க பாருங்க, நானுங், இழுங்க, மூச்ச இழுங்க" என்று கன்னத்தில் தட்டினாள். ஒன்றுமில்லை. காற்று சீறிக்கொண்டு போயிற்று, நெஞ்சு அசையவில்லை. மறுபடி தட்டினாள். மாரண்ணன் வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார். பதினேழு எண்ணினபோது ஆறுச்சாமியின் தொண்டையில் ஏதோ உடைந்தது, நெஞ்சு தூக்கிவாரிப் போட்டது, இருமினார், இன்னொரு தடவை இருமினார், அப்புறம் மூச்சு பிடித்துக்கொண்டது.

வாசல்படியில் நின்றிருந்த ஜெயக்கொடி சுவரிலிருந்த வடுக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சு துளசி," என்றாள். "டொக்கு டொக்குன்னு கேட்டுச்சு. அண்ணன் தண்ணி குடிச்சுப்போட்டு டம்ளர வெக்கறாருன்னு நெனச்சுட்டன். அப்புறமும் கேட்டுச்சு. பீப் வருதான்னு பாத்துட்டிருந்தனா, இந்தச் சத்தம் வேற குறுக்க வருதேன்னு எனக்குக் கோவங்கூட வந்துச்சு." அவள் அப்படியே படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "நானே கொன்னிருப்பனே! காத வெச்சுட்டே கொன்னிருப்பனே!"

துளசிமணி அவரை மடியிலிருந்து இறக்கவில்லை. திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். எதை வைத்துத் திட்டுவது? வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"நீங்க இல்லீங்கக்கா. இந்த வெரலு. ஊரெல்லாம் சேத்துக் குடுத்தத நான்தானுங் அமுத்தி அமுத்தித் தீத்துப்போட்டன்."

ஆறுச்சாமி மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அதை யாரும் அதற்கு முன்னால் சரியாகக் கேட்டதில்லை. ஓலைக் கூரையில் காற்று நுழைகிற மாதிரி இருந்தது, ஏறியது, இறங்கியது.

ஐப்பசி மழையோடு பீப் திரும்ப வந்துவிட்டது, தாராளமாகவே. எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு ஆளில்லை, போனபோதும் கேட்கவில்லையே. காலனிக்காரர்கள் நறுக்கின பஸ்ஸர்களை ஒட்டித் தரச் சொல்லித் துளசிமணி வீட்டு வாசலில் அடுப்பும் குக்கருமாக வரிசை நின்றார்கள். தூசி துடைத்து மறுபடி ஓட ஆரம்பித்திருந்த ஆக்ஸிஜன் மெஷினும் தொண்டை திறந்துகொண்டது. சம்பத் ஆள் அனுப்பினார். துளசிமணி மறுபடி வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. கதவருகே வந்தாள், திரும்பிப் போனாள், குழாயை இழுத்துப் பார்த்தாள், மறுபடி கதவருகே வந்தாள்.

அப்போது ஜெயக்கொடி நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வாசலில் நுழைந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம், கட்டிலுக்கு நேர் எதிரே, ஒரு முழ தூரத்தில் அதைப் போட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறுச்சாமியின் நெஞ்சை, கண் கொட்டாமல், பார்க்க ஆரம்பித்தாள்.

துளசிமணி போனாள். தெருமுனை திரும்புவதற்குள் நாலு வீட்டு அடுப்புகள் கத்தின, ஒரு கார் ஊளையிட்டது.

உள்ளே ஆறுச்சாமி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். கடைசியில் தாங்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"ஏனம்முணி, இப்படிப் பாத்துட்டே இருந்தா நான் எப்படித்தான் மூச்சு உடறது?"

"நீங்க உடுங்கண்ணா," என்றாள் ஜெயக்கொடி, கண்ணை எடுக்காமல். "நான் பாத்துக்கறன்."